வடக்கு மறைந்த மொட்டைமாடி

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று வடக்கே பார்த்தால் முதலில் ஒரு தென்னை தெரியும். அதற்குப் பின்னால் நான்கு மாடிக் குடியிருப்பு, அதன் உச்சியில் வரிசையாகக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். துருவ நட்சத்திரம் அந்தத் தொட்டிகளுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. அந்த வீட்டிலிருந்து நான் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. தொலைநோக்கி வாங்கிய அன்று பெட்டியில் இருந்த கையேட்டைத் திறந்தால், "மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்புக" என்பதே முதல் வேலை. அன்று இரவு தொலைநோக்கியை அப்படியே மூடிவைத்தேன்.

கையேடு எழுதியவர் வடக்கு நாடு ஒன்றில் வாழ்பவராக இருக்க வேண்டும். அங்கே அந்த நட்சத்திரம் கூரைகளுக்கு மேல், பாதி வானத்தில் நிற்கும். நம் ஊர்களின் நிலைமை வேறு. ஆனால் அந்த நட்சத்திரம் கண்ணில் படாமலேயே துருவத்தைக் கண்டுபிடிக்கலாம். பகலில் ஒரு கோலின் நிழல் அதைச் சொல்லும்; இரவில் வேறு எந்த நட்சத்திரத்தைக் கேட்டாலும் அது சொல்லும். எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

அச்சு ஏன் சரியாக நிற்க வேண்டும்?

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவர 23 மணி 56 நிமிடம் 4 விநாடி எடுத்துக்கொள்கிறது. அதனால் வானம் மணிக்கு 15 பாகைக்குச் சற்று மேலான வேகத்தில் கிழக்கிலிருந்து மேற்கே நகர்கிறது. 200 மடங்கு பெருக்கத்தில் பார்க்கும்போது, ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸின்) நடுவில் வைத்த வியாழன் ஒரு நிமிடம் தாண்டுவதற்குள் ஓரத்துக்கு ஓடிவிடும்.

இதற்குத் தீர்வு ஈக்குவடோரியல் மவுண்ட் என்ற தாங்கி. அதில் இரண்டு அச்சுகள் உண்டு. ஒன்றைப் பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்திவிட்டு, பூமி சுழலும் வேகத்திலேயே எதிர்த்திசையில் சுழற்றினால், தொலைநோக்கி வானத்தோடு ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும். ஒரே அச்சு, ஒரே சீரான வேகம் போதும். 1824-இல் டோர்பாட் வானாய்வகத்துக்காக ஜோசஃப் ஃபிரான்ஹோஃபர் செய்துகொடுத்த தொலைநோக்கியை ஒரு கடிகாரப் பொறி இப்படித்தான் ஓட்டியது. இன்று மொட்டைமாடிகளில் நிற்கும் மவுண்டுகளில் பெரும்பாலானவை அந்த அமைப்பின் வாரிசுகள்.

அச்சு இணையாக இல்லாவிட்டால் மோட்டார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. நட்சத்திரம் மெல்ல வடக்கிலோ தெற்கிலோ வழுக்கிக்கொண்டே போகும். கண்ணால் பார்ப்பவருக்கு அது சிறு தொல்லை. படம் எடுப்பவருக்கோ புள்ளிகள் கோடுகளாக நீண்டுவிடும். ஒரு நட்சத்திரத்தைக் கேமராவால் பின்தொடர்ந்து பிடித்துவைத்தாலும், மற்றவை அதைச் சுற்றி வளைந்த கோடுகளாகப் பதியும்.

நம் ஊரில் துருவ நட்சத்திரம்

வடதுருவப் புள்ளி அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரியுமோ, அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. சென்னையில் 13 பாகை, கோவையில் 11, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. யாழ்ப்பாணத்தில் 10 பாகைக்குச் சற்றுக் குறைவு. சிங்கப்பூரில் ஒன்றரைப் பாகைகூட இல்லை; அங்கே வாழும் தமிழருக்குத் துருவ நட்சத்திரம் என்பது பெரும்பாலும் பெயரளவில்தான்.

கையை முழுதாக நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அது மறைக்கும் அகலம் ஏறக்குறைய 10 பாகை. மதுரையில் துருவம் அடிவானத்துக்கு மேல் ஒரு முட்டி உயரம்தான். அந்த உயரத்தில் வரும் ஒளி, தலைக்கு நேர்மேலே உள்ளதைப்போல் ஐந்தரை மடங்கு காற்றைக் கடந்து வரவேண்டும். துருவ நட்சத்திரம் இரண்டாம் ஒளித்தரத்தது. அவ்வளவு பிரகாசமானது இல்லை. நகரத்துப் புழுதியும் விளக்கொளியும் சேர்ந்து அதை விழுங்கிவிடும்.

இன்னும் இரண்டு சங்கதிகள் உண்டு. துருவ நட்சத்திரம் சரியாகத் துருவத்தில் இல்லை. இப்போது அது சுமார் 38 கலை தள்ளி இருக்கிறது (ஒரு பாகைக்கு 60 கலை). முழுநிலவின் அகலத்தைவிட இது அதிகம். பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை பம்பரம்போல் தலையைச் சுற்றிவருவதால் இந்த இடைவெளி மாறிக்கொண்டிருக்கிறது. 2100-ஐ ஒட்டி அது மிகக் குறைந்து, பிறகு மறுபடி கூடும். அடுத்து, காற்றுமண்டலம் ஒளியை வளைக்கிறது. 10 பாகை உயரத்தில் உள்ள நட்சத்திரம் தன் உண்மையான இடத்திலிருந்து 5 கலை மேலே தூக்கிக் காட்டப்படும். ஆகவே தென்னையை வெட்டினாலும் நமக்குக் கிடைப்பது தோராயமான துருவம்தான்.

கருவியும் நமக்காகச் செய்யப்பட்டதில்லை. சில மவுண்டுகளை 10 பாகைக்குத் தாழ்த்தினால் எதிர்எடைத் தண்டு முக்காலியின் வடக்குக் காலில் போய் இடிக்கும். ஒற்றைக் காலைத் தெற்கே திருப்பிவைத்தால் வடக்கே இரு கால்களுக்கு நடுவில் தண்டுக்கு இடம் கிடைத்துவிடும். முக்காலிக்கும் மவுண்டுக்கும் இடையில் குட்டைத் தூண் ஒன்றைச் செருகியும் இதைச் சமாளிக்கலாம்.

பகலில்: கோலும் நிழலும்

செல்போன் திசைகாட்டியை நம்பித்தான் நான் தொடங்கினேன். மாடியின் ஒரு மூலையில் ஒரு வடக்கு, நான்கு அடி தள்ளி வேறொரு வடக்கு. கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பிகள் காந்தத்தை இழுத்துக்கொண்டிருந்தன. கம்பியே இல்லாத வெட்டவெளியில்கூடக் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் ஓரிரு பாகை வித்தியாசம் உண்டு.

உண்மை வடக்கைப் பிழையில்லாமல் காட்டும் பொருள் சூரியன். நம் ஸ்தபதிகள் கோயில் மனையில் சங்கு என்னும் கோலை நட்டுத் திசை குறிப்பது இதை வைத்துத்தான். பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடியதாகக் கொள்ளப்படும் நெடுநல்வாடையில், அரண்மனை கட்டும் வல்லுநர்கள் நட்டுவைத்த கோல்களின் நிழலை நண்பகலில் பார்த்துத் திசை அறிந்து, கயிறு பிடித்து மனை வகுக்கும் காட்சி வருகிறது. மதுரை மாடியில் நான் செய்ததும் அதே வேலைதான்.

ரசமட்டம் இரவல் கேட்கப் பக்கத்துத் தெருக் கொத்தனாரிடம் போனேன். "மாடித் தரையில வச்சுப் பார்க்காதீங்க தம்பி. மழைத்தண்ணி ஓட வாட்டம் குடுத்துத்தான் போட்டிருப்போம். பலகை போட்டு, அதை மட்டம் பண்ணிக்கிட்டுச் செய்யுங்க" என்றார். அவர் சொன்னபடி ஒரு பலகையைப் போட்டு, அடியில் சில்லுகளைச் செருகி மட்டமாக்கினேன். நடுவில் 30 செ.மீ. உயரக் கோல் ஒன்றைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்தினேன். கோலின் அடியை மையமாக வைத்து 30 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தேன்.

காலையில் நிழல் நீளமாக வட்டத்துக்கு வெளியே கிடக்கும். வெயில் ஏற ஏறச் சுருங்கும். ஜனவரி நடுவில், காலை பத்தேகால் வாக்கில் நிழலின் நுனி வட்டக்கோட்டைத் தொட்டு உள்ளே நுழைந்தது. அங்கே ஒரு புள்ளி வைத்தேன். பிற்பகல் இரண்டே முக்காலுக்குச் சற்று முன்பு அது மறுபக்கத்தில் வட்டத்தைத் தொட்டு வெளியேறியது. அங்கே இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தாக வரைந்தால் வடக்கு.

காரணம் எளிது. இரண்டு நேரத்திலும் நிழலின் நீளம் ஒன்று என்றால், சூரியனின் உயரமும் ஒன்று. சம உயரத்தில் இருந்த சூரியன், தலைக்கு மேல் வடக்கு தெற்காக ஓடும் உச்சிக்கோட்டுக்கு இருபுறமும் சம தூரத்தில்தான் இருந்திருக்க முடியும். கடிகாரம் வேண்டாம், கணக்கு வேண்டாம். நண்பகல் எப்போது என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை.

நுனி நிழல் மங்கலாக விழுவதுதான் ஒரே சிக்கல். சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகல வட்டு. அதனால் நிழலின் ஓரம் மசமசவென்றுதான் இருக்கும். கோலின் தலையில் சிறு துளையிட்ட அட்டை ஒன்றை ஒட்டிவிட்டேன். நிழலுக்குள் ஒரு வெளிச்சப்பொட்டு விழுந்தது. அதன் நடுவைக் குறிப்பது எளிதாக இருந்தது. என் இரண்டு புள்ளிகளுக்கும் இடையே ஏறக்குறைய 43 செ.மீ. அதில் 2 மி.மீ. தவறினால் திசையில் கால் பாகை தவறும். ஒரு பலகைக்கும் ஒரு கோலுக்கும் இது பெரிய துல்லியம்.

மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும். அந்த நாட்களில் உச்சிவேளை நிழலே இராது. நண்பகல் நிழலை வைத்து வடக்குப் பார்க்கலாம் என்று காத்திருப்பவர் ஏமாந்துபோவார். வட்ட முறைக்கு அந்தக் கவலை இல்லை. காலையிலும் மாலையிலும் நிழல் இருந்தால் போதும்.

நீலம் தோய்த்த நூலைப் பிடித்துப் பலகைக் கோட்டை மாடித்தரை முழுவதும் நீட்டி அடித்தேன். அந்தக் கோட்டின் மேல் மவுண்டை வைத்து, அதன் தலையை மட்டமாக்கி, அச்சின் சாய்வை 9.9 பாகைக்குக் கொண்டுவந்தேன். மவுண்டில் பொறித்திருக்கும் அளவுகோலைவிட, அச்சின் மேல் செல்போனை வைத்துச் சாய்வு பார்ப்பது நம்பகமானது. சூரியன் மறையும்போது என் அச்சு துருவத்திலிருந்து ஒரு பாகைக்குள் நின்றது. மீதி வேலை இரவுக்கு.

இரவில்: நட்சத்திரத்தின் நழுவல்

ஒரே அளவுள்ள இரண்டு வளையல்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஒன்றைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். அவை எதிரெதிரான இரண்டு இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். வேறு இரண்டு இடங்களில் மிக விலகி நிற்கும். வெட்டும் இடத்தில் ஒரு வளையல் மற்றதைக் குறுக்கே தாண்டிப் போகிறது. விலகி நிற்கும் இடத்தில் இரண்டும் சிறிது தூரம் இணையாக ஓடுகின்றன.

முதல் வளையல், வான நடுவரையை (பூமியின் நடுவரைக்கு நேர்மேலே வானத்தில் ஓடும் வட்டத்தை) ஒட்டி நட்சத்திரம் நடக்கும் பாதை. இரண்டாவது, மவுண்ட் தன் அச்சைச் சுற்றித் தொலைநோக்கியைக் கொண்டுபோகும் பாதை. அச்சு சரி என்றால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். தவறு என்றால், அவை வெட்டும் இடத்தில் நட்சத்திரம் ஐபீஸின் குறுக்குக்கோட்டிலிருந்து வேகமாக நழுவும்.

அச்சு கிழக்கிலோ மேற்கிலோ விலகியிருந்தால், இரு வட்டங்களும் உச்சிக்கோட்டில் வெட்டிக்கொள்கின்றன. அச்சு மேலேயோ கீழேயோ விலகியிருந்தால், கிழக்கு அடிவானத்திலும் மேற்கு அடிவானத்திலும் வெட்டிக்கொள்கின்றன. ஆகவே உச்சிக்கோட்டில் உள்ள ஒரு நட்சத்திரம் பக்கவாட்டுப் பிழையை மட்டும் சொல்லும். கிழக்கில் தாழ்ந்திருக்கும் நட்சத்திரம் உயரப் பிழையைச் சொல்லும். இரண்டு கேள்விகளுக்கு இரண்டு சாட்சிகள். ஒருவர் சொல்வதில் மற்றவர் குறுக்கிடுவதில்லை. இந்த முறையை ஜெர்மானியர்கள், போட்ஸ்டாமில் பணியாற்றிய வானியலாளர் யூலியுஸ் ஷைனரின் (1858–1913) பெயரால் ஷைனர் முறை என்று அழைக்கிறார்கள்.

அன்று இரவு பத்து மணி தாண்டியபோது ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடைவார் தலைக்கு மேல் ஏறியிருந்தது. அதிலுள்ள மூன்று நட்சத்திரங்களில் வடமேற்கே இருப்பது மிண்டாகா. வான நடுவரையிலிருந்து அது மூன்றில் ஒரு பாகைகூடத் தள்ளி இல்லை. மதுரையில் உச்சிக்கோட்டைக் கடக்கும்போது அதன் உயரம் 80 பாகை. கழுத்தை முறிக்கும் உயரம்தான், ஆனால் தெளிவான காற்று. குறுக்குக்கோடு போட்ட ஐபீஸில் அதைக் கொண்டுவந்தேன்.

முதலில் ஐபீஸைத் திருப்பி வைக்க வேண்டும். மோட்டாரை நிறுத்தினேன். நட்சத்திரம் மேற்கே ஓடத் தொடங்கியது. அது ஒரு கோட்டின் மேலேயே ஓடும்வரை ஐபீஸைச் சுழற்றினேன். அந்தக் கோடு கிழக்கு மேற்கு, மற்றது வடக்கு தெற்கு. எந்த முனை தெற்கு? கண்ணாடிகள் படத்தைத் தலைகீழாகவும் இடவலமாகவும் மாற்றுவதால் இங்கேதான் பலரும் குழம்புவார்கள். தொலைநோக்கிக் குழாயை விரலால் லேசாக வடக்கே தள்ளினேன். நட்சத்திரம் எந்தப் பக்கம் ஒதுங்கியதோ அது தெற்கு.

மோட்டாரைப் போட்டு, நட்சத்திரத்தை நடுவில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நிமிடம் நட்சத்திரம் கோட்டின் தெற்கு விளிம்பில் உட்கார்ந்திருந்தது. ஐந்தாம் நிமிடம் கோட்டுக்கும் அதற்கும் நடுவே, நன்றாக ஒளிரும் காலத்து வியாழனின் வட்டு கிட்டத்தட்ட அடங்கும் அளவு இருட்டு.

தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. எவ்வளவு விலகல் என்பதற்கும் கணக்கு உண்டு. அச்சில் ஒரு பாகைப் பிழை இருந்தால் நட்சத்திரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 16 விகலை நழுவும் (ஒரு கலைக்கு 60 விகலை). ஐந்து நிமிடத்தில் எனக்குக் கிடைத்தது சுமார் 40 விகலை, அதாவது நிமிடத்துக்கு 8. அப்படியென்றால் என் அச்சு அரைப் பாகை கிழக்கே நின்றது. பகலில் பலகையில் பட்ட பிழையும் மவுண்டைக் கோட்டில் வைத்தபோது நேர்ந்த பிழையும் சேர்ந்து அவ்வளவாகியிருந்தன. அந்த இரண்டும் ஒரு நட்சத்திரத்தின் நடையில் தெளிவாகத் தெரிந்தபோது, எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பக்கவாட்டுத் திருகைச் சுற்றி அச்சை மேற்கே நகர்த்தினேன். மிண்டாகாவை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து காத்திருந்தேன். இம்முறை வடக்கே நழுவியது. அளவுக்கு மீறித் திருப்பிவிட்டேன். பாதி பின்னால். தராசுத் தட்டில் கடைசிப் படிக்கற்களை எடுத்து வைப்பதுபோல, ஒவ்வொரு முறையும் பிழை பாதியானது. நான்காவது முறை பத்து நிமிடம் ஆகியும் நட்சத்திரம் கோட்டை விட்டு அகலவில்லை.

அடுத்தது உயரம். கிழக்கே மகம் நட்சத்திரம் ஏறிவந்திருந்தது. அது வான நடுவரையிலிருந்து 12 பாகை வடக்கே இருந்தாலும் இந்த வேலைக்குக் குறையில்லை. கிழக்கில் பார்க்கும்போது விதி இப்படி: வடக்கே நழுவினால் அச்சு உயரமாக இருக்கிறது, தெற்கே நழுவினால் தாழ்வாக. மேற்கு வானத்து நட்சத்திரத்தைப் பார்ப்பதானால் இதைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். மகம் வடக்கே நழுவியது. உயரத் திருகைத் தளர்த்தி அச்சை இறக்கினேன். மூன்று முறையில் அது அடங்கியது.

இந்த இடத்தில் நம் அட்சரேகை நமக்கு ஒரு கொடை தருகிறது. தாழ்ந்த நட்சத்திரத்தைக் காற்று மேலே தூக்கிக் காட்டும் என்று முன்பு பார்த்தோம். லண்டனில் கிழக்கு நட்சத்திரங்கள் சாய்வாக ஏறுவதால் அந்தத் தூக்கலில் பெரும்பகுதி வடக்கு தெற்காகப் பட்டு அளவைக் கெடுக்கும். மதுரையில் அவை கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகின்றன. தூக்கல் நட்சத்திரத்தின் பாதையிலேயே விழுகிறது. நாம் கவனிக்கும் வடக்கு தெற்கு நழுவலை அது அதிகம் தொடுவதில்லை. துருவத்தைத் தாழ்த்தி நம்மிடமிருந்து மறைத்த அதே அட்சரேகை, அதைக் கண்டுபிடிக்கும் இன்னொரு வழியைச் சுத்தமாக வைத்திருக்கிறது.

கேமராவும் மூன்று புள்ளிகளும்

இன்று இதே வேலையைக் கேமராவும் கணினியும் சில நிமிடங்களில் முடிக்கின்றன. வானத்தின் எந்தப் பகுதியையும் ஒரு படம் எடுத்தால், அதிலுள்ள நட்சத்திரங்களின் அமைப்பைப் பட்டியலோடு ஒப்பிட்டு, படத்தின் நடுப்புள்ளி வானத்தில் எங்கே இருக்கிறது என்று மென்பொருள் சொல்லிவிடும். மவுண்டின் முதல் அச்சை மட்டும் திருப்பி இப்படி மூன்று படங்கள் எடுக்க வேண்டும். மூன்று நடுப்புள்ளிகளும் ஒரு வட்டத்தில் அமையும். மூன்று புள்ளிகள் வழியே ஒரு வட்டம்தான் போகமுடியும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த வட்டத்தின் மையம்தான் மவுண்டின் அச்சு நோக்கும் இடம். அதற்கும் உண்மைத் துருவத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நினா, ஏஎஸ்ஐஏர் போன்ற மென்பொருள்களும் சாதனங்களும் திரையில் காட்டும். திருகைச் சுற்றச் சுற்ற எண் குறையும்.

நான் இப்போது பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனாலும் புதிதாகத் தொலைநோக்கி வாங்கும் பிள்ளைகளிடம், ஒருமுறையாவது நழுவலைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கேமராவுக்குப் போங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். திரையில் தெரியும் எண் எதைக் குறிக்கிறது என்பது, அந்த ஐந்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்தவருக்குத்தான் புரியும்.

படுத்த அச்சு

ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதுவும் ஈக்குவடோரியல் அமைப்புதான். காவலூரின் அட்சரேகை 12.6 பாகை, ஆகவே அதன் துருவ அச்சு தரையோடு அவ்வளவு சாய்வுதான் கொண்டது, கிட்டத்தட்டப் படுத்திருப்பதுபோல. வடக்கு முனையில் குதிரை லாட வடிவில் ஒரு பெரும் தாங்கி உண்டு. அதன் திறந்த வாய் வழியாகத் துருவத்துப் பக்க வானத்தையும் பார்க்க முடிகிறது. தாழ்ந்த அட்சரேகைக்குப் பொருத்தமான வடிவம் அது. டன் கணக்கில் எடையுள்ள அந்த இரும்பும் என் மாடியில் நிற்கும் சிறு மவுண்டும் பூமியின் அதே அச்சுக்குத்தான் இணையாக நிற்கின்றன.

அன்று இரவு எல்லாம் முடிந்தபோது ஒரு மணி ஆகியிருந்தது. மிண்டாகாவை மறுபடி குறுக்குக்கோட்டில் வைத்து இருபது நிமிடம் பார்த்தேன். மேற்கே பாதி தூரம் இறங்கியிருந்த அது, ஐபீஸுக்குள் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. பிறகு டார்ச் வெளிச்சத்தில், முக்காலியின் மூன்று கால்களும் தரையைத் தொடும் இடங்களைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட்டால் வட்டமிட்டேன். அந்த மூன்று வட்டங்களும் இன்னும் அழியவில்லை. இப்போதெல்லாம் முக்காலியை அவற்றின் மேல் வைத்தால் பத்து நிமிடத்தில் வேலை தொடங்கிவிடுகிறது. வடக்கே தென்னையும் தொட்டிகளும் அப்படியே இருக்கின்றன. எந்தத் தொட்டிக்குப் பின்னால் துருவம் இருக்கிறது என்பது இப்போது எனக்குத் தெரியும்: இடமிருந்து இரண்டாவது.